இரண்டாவது முறையும் மங்கிய ஜன்னல்: ஒரு நிகழ்வு ஆய்வு

அக்கா வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மூட்டம் கட்டுவது அது இரண்டாவது தடவை. வீடு கட்டி எட்டு வருடம் ஆனபோது முதலில் மங்கியது. ஒருவரை வரவழைத்துக் கண்ணாடியை மாற்றினார்கள். புதுக் கண்ணாடி மூன்றாவது குளிர்காலத்திலேயே மங்கிவிட்டது. கீழ் மூலையில் நகக்கண் அளவுக்குத் தொடங்கிய வெண்மை, சில வாரங்களில் பாதிக் கண்ணாடிக்கு ஏறியிருந்தது. உள்ளேயும் துடைக்க முடியாது, வெளியேயும் துடைக்க முடியாது.

அடுத்து வந்து பார்த்த ஒரு நிறுவனம், வீட்டின் ஏழு ஜன்னல்களையும் ஃபிரேமோடு பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் தீர்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தத் தாளைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு அக்கா கூப்பிட்டாள்: "தம்பி, நீ அந்த வேலையில இருந்தவன்தானே? ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லு. மாத்தித்தான் ஆகணும்னா மாத்திடறோம்."

யுபிவிசி என்னும் விறைப்பான பிளாஸ்டிக்கில் ஜன்னல் செய்யும் பட்டறையில் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். ஒரே இடத்தில் இரண்டு கண்ணாடி அடுத்தடுத்து கெட்டது என்று கேட்டதுமே எனக்குச் சந்தேகம் கண்ணாடிமேல் வரவில்லை. ஒழுங்காகச் செய்த இரட்டைக் கண்ணாடி இருபது வருடம் நிற்பது சாதாரணம். மூன்று வருடத்தில் அது சாகிறதென்றால் ஏதோ ஒன்று அதைச் சாகடிக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது கண்ணாடியைப் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். பார்த்ததையும் செய்ததையும் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

ஜன்னலும் புகார்களும்

வெள்ளை யுபிவிசி ஃபிரேம். இடது பாதி திறக்க முடியாத நிலைக் கண்ணாடி. வலது பாதி வெளிப்பக்கம் திறக்கும் கதவு. மூட்டம் கட்டியது இடது பாதியில். கேட்கக் கேட்கப் புகார்கள் நீண்டன. வலது கதவை மூடும்போது கீழ்ப்பக்கம் உரசுகிறது, ஹேண்டிலைத் திருப்ப இரண்டு கை வேண்டியிருக்கிறது. மூடிய பிறகும் காற்று ஊசியாய்க் குத்துகிறது. காலையில் எல்லா ஜன்னல்களிலும் தண்ணீர் வழிந்து கீழ்ச் சட்டத்தில் தேங்குகிறது. மழை பலமாக அடித்தால் ஜன்னல் திண்டும் நனைகிறது.

இத்தனையையும் ஒரே நோயாக எண்ணியதால்தான் அந்த நிறுவனம் "எல்லாவற்றையும் மாற்று" என்று சொன்னபோது வீட்டார் நம்பிவிட்டார்கள். உண்மையில் இங்கே மூன்று வேறு வேறு கோளாறுகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஜன்னலோடு சம்பந்தமே இல்லை.

ஈரம் எந்தப் பக்கம்?

இரட்டைக் கண்ணாடியில் ஈரத்தைப் பார்த்தால் முதல் சோதனை விரல்தான். அறைப் பக்கம் தடவினால் கோடு விழுகிறதா? அப்படியென்றால் அது அறையின் ஈரம். வெளிப்பக்கம் தடவினால் கோடு விழுகிறதா? அது கவலைப்படத் தேவையில்லாத ஈரம். தெளிந்த வானமுள்ள இரவில் வெளிக்கண்ணாடி வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அறையின் சூடு வெளிக்கண்ணாடிக்கு வந்து சேராததால்தான் அதில் பனி படிகிறது. அதாவது ஜன்னல் நன்றாக வேலை செய்கிறது. இந்தப் பனியைப் பார்த்துவிட்டு நல்ல கண்ணாடியைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தடவி எதுவும் அழியாவிட்டால்தான் ஈரம் நடுவில் இருக்கிறது, அடைப்பு விட்டுப்போயிருக்கிறது.

அக்கா வீட்டில் இடது கண்ணாடியில் நடு ஈரமும் அறைப்பக்க ஈரமும் சேர்ந்தே இருந்தன. மற்ற ஆறு ஜன்னல்களில் பெரும்பாலும் அறைப்பக்க ஈரம் மட்டுமே. அந்த ஈரத்துக்கு ஜன்னல்கள் காரணமல்ல என்பதை அக்காவுக்கும் அத்தானுக்கும் புரியவைக்க ஒரு ஈரப்பதமானி உதவியது. அன்று காலை படுக்கையறை 20 டிகிரி, ஈரப்பதம் 68 சதவீதம், வெளியே 2 டிகிரி. 20 டிகிரியில் 68 சதவீத ஈரம் இருந்தால் அந்தக் காற்று சுமார் 14 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீராகப் படியத் தொடங்கும். வெப்பம் தடுக்கும் பூச்சு இல்லாத சாதாரண இரட்டைக் கண்ணாடியின் வெப்பக் கடத்தல் மதிப்பு (யு-மதிப்பு, குறையக் குறைய நல்லது) சுமார் 2.7. அந்தக் குளிரில் அதன் அறைப்பக்க முகம் 13.7 டிகிரிக்கு வந்துவிடும். ஓரங்களில், இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்தும் அலுமினியப் பட்டை இருக்கும் இடத்தில், இன்னும் கீழே போகும். ஆகவே படிந்தே தீரும். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பனி படியும் புள்ளி 9 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், கண்ணாடி காய்ந்தே இருக்கும்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. குளிர்காலம் முழுக்கத் துவைத்த துணியைப் படுக்கையறைக்குள் கம்பி கட்டிக் காயவைத்திருந்தார்கள். ஃபிரேமின் மேலே இருந்த சிறு காற்றுவழியைக் குளிருக்காக டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். கனத்த திரைச்சீலை இரவில் கண்ணாடியை ஒட்டித் தொங்கியதால் அறையின் சூடும் கண்ணாடிக்குப் போகவில்லை. துணிக் கம்பி வேறிடம் போனது, டேப்பைப் பிரித்தோம், திரையைக் கண்ணாடியிலிருந்து ஒரு கையகலம் தள்ளி மாட்டினோம். அடுத்த வாரமே காலை ஈரம் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகச் சுருங்கிவிட்டது. ஏழு ஜன்னல் மாற்றும் திட்டத்தின் பெரும்பகுதி அதோடு முடிந்தது.

கண்ணாடிப் பெட்டி எப்படிச் சாகிறது

அடுத்தது, நடுவில் நின்ற ஈரம்.

இரட்டைக் கண்ணாடி என்பது நான்கு பக்கமும் ஒட்டி மூடிய ஒரு பெட்டி. இரண்டு கண்ணாடிகளையும் பிரித்து நிறுத்துவது ஸ்பேசர் என்னும் உள்ளீடற்ற பட்டை. அதற்குள் மணி மணியாக ஈரம் உறிஞ்சும் பொருள் நிரப்பப்பட்டிருக்கும். பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையே முதல் அடைப்பாக பியூட்டைல் ரப்பர் ஓடும். நீராவியைத் தடுப்பதில் அதுதான் கெட்டி. ஆனால் அதற்குப் பிடிமானம் குறைவு. அதனால் வெளிச்சுற்றில் இரண்டாவது அடைப்பாக பாலிசல்ஃபைடோ, பாலியூரித்தேனோ, சிலிக்கோனோ நிரப்பி இரண்டு கண்ணாடிகளையும் இறுகப் பிடித்துவைக்கிறார்கள். முதலாவது ஈரத்தைத் தடுக்க, இரண்டாவது பெட்டியைப் பிடித்துவைக்க என்று பட்டறையில் பழகுநர்களுக்குச் சொல்வோம்.

பெட்டி ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. உள்ளே அடைபட்ட வாயு 10 டிகிரி சூடேறினால், கண்ணாடி விறைத்து நின்றுவிட்டால், அழுத்தம் சுமார் 3.5 கிலோபாஸ்கல் கூடும். ஒரு சதுர மீட்டருக்கு 350 கிலோ எடையை ஏற்றி வைத்ததுபோல. கண்ணாடி வெளிப்பக்கம் புடைத்து அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்தால் உள்ளே குழிகிறது. தினமும் நடக்கும் இந்த மூச்சின் இழுபறி ஓர அடைப்பின்மேல் விழுகிறது. அதோடு கொஞ்சம் கொஞ்சமாக நீராவியும் நுழைந்துகொண்டே இருக்கும். உறிஞ்சு மணிகள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதுவும் நிரம்பிய பிறகுதான் நம் கண்ணுக்கு மூட்டம் தெரிகிறது. மூட்டம் தெரியும் நாளில் அடைப்பு விட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருக்கும்.

இந்த இயல்பான தேய்மானத்துக்கு இருபது வருடம் ஆகலாம். மூன்று வருடத்தில் முடிந்தது என்றால் இரண்டு காரணங்களைத்தான் நான் முதலில் தேடுவேன். ஒன்று, ஓர அடைப்பு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. நீரில் நீண்டநாள் ஊறினால் இரண்டாவது அடைப்பு கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். மற்றொன்று, அடைப்போடு ஒத்துப்போகாத ஏதோ ஒரு பசை அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அக்கா வீட்டில் இரண்டுமே இருந்தன.

பீடிங்கைக் கழற்றியபோது

கண்ணாடியைப் பிடித்து நிற்கும் உள்பக்கப் பட்டையை நாங்கள் பீடிங் என்போம். அதைக் கழற்ற பட்டி பார்க்கும் அகலத் தகடும் நைலான் சுத்தியலும் போதும். நீளமான பீடிங்கின் நடுவில் தொடங்க வேண்டும். நடுவில்தான் அது வளைந்து கொடுக்கும். மூலையில் நெம்பினால் முனை சிதறும். இரண்டு நீளப் பட்டைகள் முதலில், குட்டைப் பட்டைகள் பிறகு. ஒவ்வொன்றின் பின்புறமும் இது இடம், இது மேல் என்று எழுதிவிட வேண்டும். ஒரே நீளம் போலத் தெரியும் இரண்டு பட்டைகள் இடம் மாறினால் ஒரு மில்லிமீட்டர் குறும்பு செய்யும்.

ஒரு பீடிங்கை உடைத்தேன். குளிரில் யுபிவிசி விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்று தெரிந்தும் அதிகாலையிலேயே வேலையைத் தொடங்கியது என் தவறு. மற்ற மூன்றையும் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றிச் சூடாக்கியபின் எடுத்தேன், சேதமில்லாமல் வந்தன. உடைந்ததன் குறுக்குவெட்டைப் படமெடுத்து அதே வடிவப் பட்டை தேட வேண்டியிருந்தது. பீடிங்கின் அடிக்கொக்கி ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு, பார்வைக்கு ஒன்றுபோல இருப்பது பொருந்தாது.

இரண்டு பேர் பிடித்து, உறிஞ்சுபிடி வைத்துக் கண்ணாடியைத் தூக்கினோம். கனத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 900 க்கு 1200 மி.மீ. அளவில் 4 மி.மீ. கண்ணாடி இரண்டு என்றால் ஏறக்குறைய 22 கிலோ. வெட்டுக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

கண்ணாடி மேலெழுந்தபோது கீழ்ப் பள்ளத்தில் தண்ணீர் தெரிந்தது. விரலை விட்டால் நகம் மூழ்கும் ஆழம். அதில் சுவர் பூசிய காலத்துச் சிமெண்டுத் தூளும் பாசியும் கலந்து சேறாகியிருந்தது. கண்ணாடியின் கீழ் ஓரம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டிய பிளாஸ்டிக் தாங்கிகள் ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக முன்பு வந்தவர் இரண்டு இடத்தில் சிலிக்கோனை உருண்டையாக வைத்து அதன்மேல் கண்ணாடியை இறக்கியிருந்தார். அதில் ஓர் உருண்டை வடிதுளையின் நேர்மேலே இருந்தது. உருண்டை பட்ட இடத்தில் பியூட்டைல் குழைந்து, கறுப்பு இழையாகக் கண்ணாடிக்குள் இறங்கியிருந்தது. அது எந்த வகைச் சிலிக்கோன் என்று இப்போது உறுதிசெய்ய முடியாது. ஆனால் பூசும்போது புளித்த வினிகர் வாடை அடிக்கும் வகை இந்த அடைப்புகளுக்கு ஆகாது. அறையே புளித்து நாறியதாக அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது.

இனி வெளிப்பக்கம். கீழ்ச் சட்டத்தின் முகத்தில் இருக்க வேண்டிய இரண்டு வடிகால் பிளவுகளும் தெரியவில்லை. வெள்ளைச் சிலிக்கோனால் வழவழவென்று அடைத்திருந்தார்கள். அத்தான் தயங்கிச் சொன்னார்: "மாப்பிள்ளை, அத நான்தான் அடைச்சேன். மழை பெய்யும்போது அந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி உள்ள வருதுன்னு நினைச்சேன்." வீட்டைக் காப்பாற்ற ஏணி வைத்து ஏறிச் செய்த வேலை அது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிளவு எதற்கு என்று ஜன்னலை மாட்டியவர்கள் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லையே.

எந்த நல்ல ஃபிரேமும், கண்ணாடியின் ஓரத்தை அடைக்கும் ரப்பரான வெளிக் கேஸ்கெட் முழுத் தண்ணீரையும் தடுத்துவிடும் என்று நம்பிச் செய்யப்படுவதில்லை. காற்றோடு மழை அடித்தால் கொஞ்சம் உள்ளே நுழையும் என்று ஏற்றுக்கொண்டு, நுழைந்ததை வெளியேற்ற வழி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பள்ளத்தின் தரையில் உள்துளைகள் இருக்கும். அவை முன்புறச் சிற்றறைக்குள் திறக்கும். அங்கிருந்து வெளிப்பிளவு வழியாகத் தண்ணீர் வடியும். உள்துளையும் வெளிப்பிளவும் நேருக்கு நேராக இராமல் தள்ளித் தள்ளி இருக்கும், காற்று நேரே ஊதித் தண்ணீரைத் திருப்பி ஏற்றிவிடாதபடி. எஃகுக் கம்பி இருக்கும் நடு அறையை இந்த வழி தொடாது. அதனால்தான் தெரியாமல் ட்ரில் எடுத்துப் புதுத்துளை போடக் கூடாது என்கிறேன். எஃகு அறைக்குள் தண்ணீர் போனால் துரு பிடித்து ஃபிரேமே கெடும்.

அத்தான் அடைத்தது மூன்று வருடத்துக்கு முன்பு, இரண்டாவது கண்ணாடி போட்ட சில மாதங்களில். அதற்கு முன்பே, முதல் எட்டு வருடமும், சிமெண்டுத் தூள் உள்துளைகளைப் பாதி அடைத்திருக்கிறது. முதல் கண்ணாடி பாதி அடைப்போடு எட்டு வருடம் தாங்கியது, இரண்டாவது முழு அடைப்போடு மூன்று. கணக்கு எனக்கு அங்கேயே நேராகிவிட்டது. மழையில் திண்டு நனைந்ததற்கும் காரணம் இதுவே: வெளியே வடிய வழியில்லாமல் பள்ளம் நிரம்பி, பீடிங்கின் அடியில் பொங்கி அறைக்குள் வழிந்திருக்கிறது. அத்தான் ஓட்டையை அடைத்த பிறகு மழைத் தண்ணீர் இன்னும் கூடியது ஏன் என்று அவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

சிலிக்கோனைக் கத்தியால் சீவி எடுத்து, துளைகளை மெல்லிய கம்பியாலும் வெந்நீராலும் கழுவினேன். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றினேன். முதலில் ஒரு முனையில் மட்டும் சொட்டியது. இன்னொரு தடவை கம்பி விட்டுக் குத்தியதும் திட்டுத் திட்டாகச் சேறு வெளியே வந்து விழுந்தது. மூன்றாவது குவளை பத்து எண்ணுவதற்குள் இரண்டு பிளவுகளிலும் வடிந்து முடிந்தது. அந்தக் குவளைச் சோதனையை யாரும் தங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். திறக்கும் கதவு உள்ள ஜன்னலில் பீடிங்கைக்கூடக் கழற்ற வேண்டாம். கதவைத் திறந்து கீழ்ச் சட்டத்தில் ஊற்றினால் போதும்.

வெளிக் கேஸ்கெட்டும் நான்கு மூலையிலும் சுருங்கி ஐந்தாறு மி.மீ. இடைவெளி விட்டிருந்தது. ரப்பரை இழுத்து நீட்டி மாட்டினால் வருடப்போக்கில் அது பழைய நீளத்துக்குத் திரும்பும். புதிதைத் தேவைக்குமேல் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் கூட்டி வெட்டி, நெருக்கி அமுக்கி உட்காரவைத்தேன்.

துளை போட்டு உலர்த்தலாமா?

கண்ணாடியில் சிறு துளை போட்டு, உள்ளே உலர்த்தி, மூடி வைத்துவிடும் ஒரு முறை இருப்பதாக அத்தான் கேள்விப்பட்டிருந்தார். பலர் கேட்கும் கேள்வி இது. நான் அதைப் பழுதுநீக்கம் என்று ஏற்க மாட்டேன். மூட்டம் கொஞ்ச காலம் மறையும். விட்டுப்போன அடைப்பு விட்டது விட்டதுதான். நிரம்பிப்போன உறிஞ்சு மணிகள் அப்படியே இருக்கும், குளிர்தடுப்புக்காக இடைவெளியில் நிரப்பும் ஆர்கான் வாயு இருந்திருந்தால் அது திரும்பி வராது. உள்முகத்தில் வெப்பம் தடுக்கும் பூச்சு இருந்து அது ஈரத்தில் அரித்திருந்தால் அந்தக் கறையும் போகாது. பதப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியில் துளை போட முயன்றால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகும்.

நேரம் வாங்க வேண்டுமானால் ஒன்றும் செய்யாமல் இருப்பதே மேல். மூட்டம் கட்டிய பெட்டியிலும் காற்றிடைவெளி அப்படியேதான் இருக்கிறது. பார்வை கெட்டாலும் குளிர்தடுப்பின் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

புதுக் கண்ணாடி

அளவெடுப்பதைப் பழைய கண்ணாடியிலிருந்து எடுக்காமல் பள்ளத்திலிருந்து எடுத்தேன், பழையது தப்பாக வெட்டியதாக இருக்கலாம் என்பதால். அகலம் மூன்று இடத்தில்: 912, 910, 911. உயரம் மூன்று இடத்தில்: 1211, 1210, 1210. சிறியதை எடுத்துக்கொண்டு பக்கத்துக்கு 5 மி.மீ. கழிக்க 900 க்கு 1200 வந்தது. மூலைக்கு மூலை அளந்ததில் வித்தியாசம் 2 மி.மீ. மட்டுமே, ஃபிரேம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். அதுவே பத்துப் பதினைந்து மி.மீ. வந்திருந்தால் நானும் ஃபிரேமை மாற்றச் சொல்லியிருப்பேன். தடிமன் 24 மி.மீ.: 4 கண்ணாடி, 16 இடைவெளி, 4 கண்ணாடி. ஒரு தடவை ஆர்டர் கொடுத்தால் இந்தப் பெட்டியைப் பிறகு வெட்டித் திருத்த முடியாது. அதனால் இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி அளந்து பார்த்தேன்.

பக்கத்துக் கதவின் கண்ணாடியில் கைபேசி விளக்கைச் சாய்த்துக் காட்டிப் பார்த்தேன். இரண்டு கண்ணாடிக்கு நான்கு முகம், நான்கு ஒளிப்புள்ளி. அவற்றில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் அங்கே பூச்சு இருக்கிறது. இங்கே நான்கும் ஒரே நிறம், பூச்சில்லாத சாதாக் கண்ணாடி. புதியதை ஆர்கான் நிரப்பிய, பூச்சுள்ள வகையாக வாங்கலாம் என்று முடிவு செய்தோம். வெப்பக் கடத்தல் மதிப்பு 2.7 லிருந்து 1.1 அளவுக்கு இறங்குகிறது. அன்றைய அதே 2 டிகிரிக் குளிரில் அறைப்பக்க முகம் 17 டிகிரிக்குமேல் இருக்கும், படுக்கைக்குப் பக்கத்துக் கண்ணாடிக்கு இது பெரிய வித்தியாசம். பக்கத்துக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் மிக லேசான நிறவேறுபாடு தெரியும் என்பதை அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஆர்கான் மெல்லக் கசியும் என்பது உண்மைதான். ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 1279 வருடத்துக்கு 1 சதவீதத்துக்கும் குறைவான கசிவையே அனுமதிக்கிறது. முழுவதும் போய்க் காற்று நிறைந்துவிட்டாலும் பூச்சு இருப்பதால் மதிப்பு 1.4 அளவில்தான் நிற்கும்.

ஜன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து முழங்கால் உயரம்தான். குழந்தை ஓடிவந்து மோதும் உயரம். இப்படித் தாழ்ந்த கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று பல நாடுகளின் கட்டட விதிகள் சொல்கின்றன, பிரிட்டனில் அந்த எல்லை 800 மி.மீ. பழைய கண்ணாடியின் மூலையில் டஃபன்ட் முத்திரை எதுவும் இல்லை. இரண்டாவது கண்ணாடியைப் போட்டவர் அதையும் கவனிக்கவில்லை. புதியதில் இரண்டு பக்கமும் டஃபன்ட்.

பொருத்தும் வேலை அரைநாள்கூட ஆகவில்லை. கீழே இரண்டு தாங்கிகள், மூலையிலிருந்து 100 மி.மீ. தள்ளி. அகலம் 28 மி.மீ., 24 மி.மீ. பெட்டியின் இரண்டு கண்ணாடியும் முழுதாக அதன்மேல் உட்காரும்படி. ஒரு கண்ணாடி மட்டும் தாங்கியில் நின்று மற்றது அந்தரத்தில் தொங்கினால் ஓர அடைப்பு நாள் முழுக்க அறுபடும். வடிதுளைக்கு மேலே வரும் இடத்தில் பாலம்போல அடியில் வழிவிடும் தாங்கி வைத்தேன். பக்கங்களிலும் மேலேயும் நகராமலிருக்கச் சிறு ஆப்புகள். பூச்சு முகம் எந்தப் பக்கம் என்று ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். பீடிங் திரும்பப் போகும்போது வரிசை தலைகீழ்: குட்டை முதலில், நீளம் பிறகு, நடுவைக் கடைசியாக உள்ளங்கையால் தட்டி. சிலிக்கோன் ஒரு துளிகூட இல்லை.

உரசிய கதவு

வலது கதவு 4 மி.மீ. தொங்கியிருந்தது. கீல் தேய்ந்திருக்கும் என்று எல்லாரும் முதலில் கீலைத்தான் மாற்றுவார்கள். இங்கே கீலிலும் தேய்மானம் இருந்தது, ஆனால் வேர் வேறிடத்தில். யுபிவிசி கதவுச் சட்டம் தன்னந்தனியாக விறைத்து நிற்காது. உள்ளே இருக்கும் கண்ணாடியைக் குறுக்குத் தாங்கலாகப் பயன்படுத்தித்தான் அது சதுரமாக நிற்கிறது. அதற்காகக் கீல் பக்கத்துக் கீழ் மூலையில் ஓர் ஆப்பும், அதற்கு எதிரே ஹேண்டில் பக்கத்து மேல் மூலையில் ஓர் ஆப்பும் வைத்துச் சட்டத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். மேல் மூலை ஆப்பு சரிந்து பள்ளத்தில் கிடந்தது. அதைத் திரும்ப ஏற்றி இன்னும் 2 மி.மீ. கூட்டிச் செருகியதும் கதவு கண்முன்னே எழுந்து உரசல் நின்றது. பார்க்க நிறைவாக இருந்தது.

கீல்களை ஜோடியாகவே மாற்றினேன். ஃபிரிக்ஷன் ஸ்டே என்னும் இந்த வகையில் நீளத்தைப் போலவே அடுக்கின் உயரமும் முக்கியம், 13 மி.மீ. என்றும் 17 மி.மீ. என்றும் இரண்டு உண்டு. மாறி வாங்கினால் கதவு இறுகாது, அல்லது மூடவே மூடாது.

காற்று குத்தியதற்குப் பூட்டுப் பட்டையைச் சரிசெய்வதே போதுமாயிருந்தது. ஒரு மெல்லிய தாளைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். எளிதாக உருவிக்கொண்டு வரும் இடம்தான் காற்று வரும் இடம். எட்டு இடத்தில் பார்த்ததில் ஹேண்டில் பக்கத்து மேல்பாதியில் மூன்று இடம் தளர்வு. அங்கிருந்த காளான்தலை முளைகளை ஆலன் கீயால் கால் சுற்று திருப்பியதும் தாள் பிடித்துக்கொண்டது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஹேண்டில் மறுபடி கனத்து உள்ளே பல்சக்கரம் உடையும். பூட்டுக்கு இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய், ரப்பருக்கு சிலிக்கோன் தெளிப்பு. ரப்பரில் எண்ணெய் படவிடக் கூடாது, உப்பிக் கெட்டுவிடும்.

நான்கு குளிர்காலம் கழித்து

இரண்டாவது கண்ணாடி மூன்றாவது குளிர்காலத்தில் மங்கியதால், அந்த எல்லையைத் தாண்டாமல் இதை எழுதுவது சரியில்லை என்று காத்திருந்தேன். இப்போது நான்காவதும் முடிந்துவிட்டது. கண்ணாடி நடுவே துளி மூட்டமில்லை, ஸ்பேசர் பட்டை மினுங்குகிறது. கடுங்குளிர்க் காலைகளில் சாதாக் கண்ணாடிகளின் கீழ் ஓரத்தில் மட்டும் விரல்கனம் ஈரம் படிகிறது. அலுமினிய ஸ்பேசர் இருக்கும்வரை அது இருக்கும்.

மற்ற ஆறு ஜன்னல்களிலும் அன்றே குவளைச் சோதனை செய்தோம். மூன்றில் தண்ணீர் நின்றது, அவற்றில் இரண்டை அத்தான்தான் அடைத்திருந்தார். மூன்றையும் திறந்து கழுவிவிட்டோம். அந்த இரண்டிலும் மூலையில் வெண்மை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். ஒன்று கடந்த வருடம் முழுக்க மங்கியது, அதன் கண்ணாடியை மட்டும் இந்தக் கோடையில் மாற்றப்போகிறோம். மற்றொன்றின் வெண்மை நான்கு வருடமாக ஐந்து விரல் அகலத்தைத் தாண்டவில்லை. அத்தான் பென்சிலால் ஃபிரேமில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார், மழைக்காலத்துக்கு முன்பு குவளையோடு போகும்போதெல்லாம் அந்தக் கோட்டையும் பார்த்துவிட்டு வருகிறார்.